ஹயாமாவின் இடது காது

கமேதா இவாவோ செய்துவந்த வேலை ஒன்றே ஒன்றுதான்: இரண்டு தடியன்களை ஒருவன் மேல் ஒருவனாக வாராவாரம் தூக்கிப் போடுவது. பதின்மூன்று வருடமாக அப்படித் தூக்கிப் போட்டுத்தான் டோக்கியோவில் ஒரு வீடு, அதன் மாடியில் வரைகிற அறை, இரண்டு உதவியாளர்கள், சாயங்காலமானால் ஒரு பாட்டில் பியர் என்று காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் வரைந்த மங்கா என்கிற ஜப்பானியப் படக்கதையின் பெயர் 'பாய்க்கு வாடா!'. பாய் மேல் மோதும் ஜூடோ மல்யுத்தக் கதை. ரயில்வே அணியில் தாகெரு, உருக்காலை அணியில் ஹயாமா. இருவரும் பரம வைரிகள். அவர்கள் மோதுகிற ஒவ்வொரு போட்டியும் காயம், மின்வெட்டு, நிலநடுக்கம் என்று ஏதாவது ஒரு சாக்கில் பாதியிலேயே நின்றுவிடும். இறுதிப் போட்டி இதோ வருகிறது, அதோ வருகிறது என்று சொல்லிச் சொல்லியே இத்தனை வருடம் போய்விட்டது. அவர்கள் இருவருக்கும் வயது இருபத்தைந்தில் நின்றுவிட்டது. ஆரம்பத்தில் படித்த வாசகர்களுக்குத்தான் தொப்பை விழுந்து, முடி கொட்டி, படிக்கிற பழக்கமும் விட்டுப்போயிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் செரிஸாவா வந்தாள். வார இதழில் அவர் கதையைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியை. முப்பது வயதுதான் இருக்கும், வாய் மட்டும் அறுபது வயதுக்கு உரியது. செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள். அவரைக் கூப்பிடுவது மட்டும் மரியாதையாக, 'சென்செய்', அதாவது ஆசான்.

"சென்செய், நம்ம கதை ஊத்திக்கப்போகுது."

"யாரு சொன்னா?"

"வாசகர் அட்டை சொல்லுது. கடைசிக்கு முந்தின இடம். நமக்குக் கீழ ஒரே ஒரு கதைதான். அதை வரையற ஆளு ஆஸ்பத்திரியில படுத்திருக்காரு, போன மாசம் பூரா ஒரு பக்கம்கூட வரையல."

கமேதா பேனாவைக் கீழே வைத்தார். வாசகர்கள் வாராவாரம் பிடித்த கதையைக் குறித்துப் போடும் அட்டைதான் அந்த இதழின் சாமி. அது கண்ணை மூடிக்கொண்டால் எவ்வளவு பெரிய கொம்பனுக்கும் சோறு கிடையாது. அதுவும் கமேதாவுக்கு ஜூடோவைத் தவிர வேறு எதையும் வரைய வராது. ஒருமுறை சமையல் கதை முயன்றதில், அவர் வரைந்த சமையல்காரன் முட்டையை உடைத்த விதத்தைப் பார்த்து முட்டைக்கே பரிதாபப்பட்டார்கள்.

"சரி, இந்த அட்டையையாவது யாரு போடுறாங்கன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றாள் செரிஸாவா. "ஆம்பளைங்க இல்ல. அவங்க எப்பவோ ஓடிட்டாங்க. எல்லாம் பொம்பளைங்க. ஆபீஸ் போறவங்க, நர்சு, வக்கீலு, பேரன் பேத்தி எடுத்தவங்க. ஏன் போடுறாங்கன்னு காட்டட்டுமா?"

பையிலிருந்து மெல்லிய புத்தகங்களை எடுத்து மேசையில் பரப்பினாள். ரசிகைகள் தாங்களாகவே வரைந்து, தாங்களாகவே அச்சடித்து, ரசிகர் சந்தையில் விற்பவை. கமேதா மேலே இருந்ததைத் திறந்தார். தாகெருவும் ஹயாமாவும் உடை மாற்றும் அறையில் சட்டை இல்லாமல் நின்றார்கள். அதில் தப்பில்லை, அந்த அறை அதற்குத்தான். ஆனால் சட்டை போடுகிற உத்தேசம் இரண்டு பேருக்குமே இருந்த மாதிரி தெரியவில்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டியதும் தேநீர் புரையேறி, மூக்கு வழியாக வந்தது.

"என்னம்மா இது! கர்மம்! எம் பசங்க முத்தம் குடுத்துக்கிறாங்க!"

"இது சைவம், சென்செய். மத்தத நான் பையிலேயே வச்சிருக்கேன்."

"இவங்க வைரிங்கம்மா! ஜூடோ! இது ஜூடோ!"

செரிஸாவா அலமாரியிலிருந்து அவருடைய சொந்தப் புத்தகம் ஒன்றை உருவி, ஒரு பக்கத்தைப் பிரித்து மூக்குக்கு நேரே நீட்டினாள். தாகெருவின் மேல் ஹயாமா முழுதாகப் படுத்திருந்தான். காலரை இறுக்கிப் பிடித்திருந்தான். "இனி உன்னை விடமாட்டேன்" என்று வசன பலூனுக்குள் எழுதியிருந்தது. தாகெருவுக்குக் காது வரை சிவந்திருந்தது.

"மூச்சு முட்டுதும்மா அவனுக்கு!"

"படிக்கிறவங்களுக்கும் முட்டுது. கோடை முடியறவரைக்கும் தலைமை ஆசிரியர் பொறுமையா இருப்பாரு. அதுக்குள்ள இவங்களையாவது பிடிச்சு வைங்க. கொஞ்சமா ஏதாவது போடுங்க. ஒரு பார்வை, ஒரு தொடல். போதும்."

அன்று ராத்திரி கமேதா பியரைத் திறந்து வைத்துவிட்டுக் குடிக்க மறந்துபோனார். இரண்டு வைரிகளை ஊர்ப் பெண்கள் சேர்ந்து ஜோடி போட்டுவிட்டார்கள் என்ற கோபம் ஒரு பக்கம். ஆனால் கதை போய்விட்டால் ஐம்பத்து மூன்று வயதில் என்ன செய்வது? விவாகரத்து வாங்கிப் போன மனைவி போகும்போது சொன்ன ஒரே குறை, "நீங்க வீட்டுல இருந்தாலும் பாயிலதான் இருக்கீங்க" என்பது. அந்தப் பாயையும் சுருட்டிவிட்டால் அவருக்கு இருக்க இடமே இல்லை. சரி, கேட்கிறதைக் கொடுத்துத் தொலைப்போம் என்று தீர்மானித்தார்.

மறுநாள் காலையில் உதவியாளர்கள் இரண்டு பேரையும் எதிரெதிராக நிற்க வைத்தார். மூத்தவன் ஓகுனோ, பத்து வருடமாகப் பாய் நெசவையும் கூட்டத்தையும் வரைந்து வரைந்து கழுத்து கூனிப்போனவன். இன்னொருவன் அவனைவிடக் குண்டு.

"ஓகுனோ, அவன் கன்னத்துல கை வை."

"எதுக்கு சென்செய்?"

"வைன்னா வை. இன்னும் மெதுவா. பக்கத்துல போ. கண்ணைப் பாரு. டேய், இவன் உனக்குக் கடனா குடுக்கணும்? ஆசையா பாருடா!"

"சென்செய், எனக்குக் கல்யாணமாகி ரெண்டு புள்ளைங்க இருக்கு."

"எனக்கு மட்டும் இவன் மேல ஆசையா?" என்றான் மற்றவன். "காலையில பூண்டு தின்னுட்டு வந்திருக்கான், சென்செய்!"

எப்படியோ வரைந்து முடித்தார்கள். தாகெருவின் நெற்றி வியர்வையை ஹயாமா தன் துண்டால் ஒற்றி எடுத்தான். காற்றே இல்லாத உள்ளரங்கத்தில் எங்கிருந்தோ செர்ரிப் பூவிதழ்கள் பறந்து வந்தன. இரண்டு உதடுகளுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. அடுத்த வாரம் ஒரே குடை. அதற்கடுத்த வாரம் வெந்நீர் ஊற்றில் இருவரும் முதுகு தேய்த்துக்கொண்டார்கள். கமேதாவுக்கே வரைய வரைய உடம்பு கூசியது. ஆனாலும் இவ்வளவு போட்டால் பெண்கள் கொத்திக்கொண்டு போவார்கள் என்று நம்பினார்.

கதை கடைசி இடத்துக்குப் போனது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர் எழுந்து வந்து முந்திவிட்டார்.

செரிஸாவா அட்டைக் கட்டைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். கமேதா படித்தார். 'எங்களுக்கு ஊட்டிவிட வேண்டாம், கை இருக்கிறது.' 'யாரய்யா உமக்குச் சொல்லிக் கொடுத்தது? அந்த ஆளை வேலையை விட்டுத் தூக்குங்கள்.' 'பூவிதழ் எந்த ஜன்னல் வழியாக வந்தது? உள்ளரங்கத்துக்கு ஜன்னலே இல்லையே.' ஒரு அட்டையில் வெறுமனே 'தூ' என்று எழுதியிருந்தது. அதற்கும் தபால் தலை ஒட்டி அனுப்பியிருந்தார்கள்.

"குடுத்தா ஏன்டா குடுத்தேங்கிறாங்க, குடுக்கலைன்னா அவங்களே எடுத்துக்கிறாங்க! என்னதான்மா வேணும் இவங்களுக்கு?"

"நீங்க தெரிஞ்சு வரைஞ்சிட்டீங்க, சென்செய். அதுதான் பிரச்சினை."

"தெரிஞ்சத எப்படிம்மா தெரியாம வரையறது?"

செரிஸாவாவுக்கும் அது தெரியவில்லை. அதனால்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரைத் தொப்பி, முகமூடி எல்லாம் மாட்டி, துறைமுகத்துப் பக்கம் பெரிய மண்டபத்தில் நடந்த ரசிகர் சந்தைக்கு இழுத்துக்கொண்டு போனாள். வரிசை வரிசையாக மேசைகள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு பெண், முன்னால் புத்தக அடுக்கு. கமேதா ஆயிரம் பேர் கொண்ட அரங்கத்தில் ஜூடோ ஆடியவர். இங்கே செரிஸாவாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நடந்தார்.

'பாய்க்கு வாடா!' வரிசையின் முனையில் இருந்த மேசையில் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி உட்கார்ந்து, சோற்று உருண்டையைக் கடித்துக்கொண்டிருந்தாள். செரிஸாவா அவரை அங்கே நிறுத்திவிட்டு வேறு மேசைக்கு நழுவினாள். என்ன செய்வதென்று தெரியாமல் கமேதா முகமூடியை இறக்கி, பாட்டில் தேநீரைக் குடித்தார்.

"கீழ் வரிசையில ரெண்டு சொத்தைப் பல்லு இருக்கு உங்களுக்கு" என்றாள் அந்தப் பெண். "சும்மா சொல்லல, நான் பல் டாக்டர். உக்காருங்க. மகளுக்கு வாங்க வந்தீங்களா?"

"ஆமா... மகளுக்கு." இல்லாத மகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். "இப்ப வர்ற கதை பிடிச்சிருக்கா அவங்களுக்கு... உங்களுக்கு எல்லாம்?"

"அதைப் பேசாதீங்க, வயிறு எரியுது. அந்தக் கிழவனை யாரோ கெடுத்துட்டாங்க. போன மாசம் வரைக்கும் அவனுக்கு ஒன்னுமே தெரியாது. அதான் நல்லா இருந்துச்சு. இப்ப எங்களைப் பார்த்துக் கண்ணடிக்கிறான். கண்ணடிக்கிற ஆளை எவ நம்புவா?"

கிழவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "அவன் என்ன... அந்தக் கதாசிரியர் என்ன... ஒன்னும் தெரியாம வரைஞ்சாருன்னா அதுல நீங்க மட்டும் என்னத்தைப் பாத்தீங்க?"

பல் டாக்டர் சோற்று உருண்டையைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, மேசைக்கு அடியிலிருந்து பழைய பாகம் ஒன்றை எடுத்தாள். முனை எல்லாம் மடங்கி, முதுகு பிரிந்து, நாடா ஒட்டியிருந்தது.

"இந்தக் காதைப் பாருங்க. ஹயாமாவோட இடது காது."

"ஜூடோ ஆடுறவங்க எல்லாருக்கும் காது அப்படித்தான் கொழுக்கட்டையா வீங்கிக் கெடக்கும். பாயில தேஞ்சு தேஞ்சு..."

"எல்லாருக்கும் இருக்கும். ஆனா மத்தவனுக்கெல்லாம் சுருக்குனு ரெண்டு கோடு இழுத்து விட்டுடுறான். இவனுக்கு மட்டும் மேல் மடிப்புல மூணு மேடு, அடியில சின்னதா ஒரு வெட்டு. முதல் வாரத்திலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் ஒரு மேடு கூடல, ஒரு மேடு குறையல. அரங்கத்துக் கடைசி வரிசையில கடுகு சைஸுக்கு நின்னாலும் அந்தக் காது அப்படியே இருக்கும். கோட்டைப் பாத்தாலே தெரியும், உதவியாளனுங்க கை படல. முகத்தை அவசரத்துல வரைஞ்ச வாரம் உண்டு. காதை அவசரத்துல வரைஞ்ச வாரம் கிடையவே கிடையாது."

கமேதா புத்தகத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"தாகெரு எவனோட மோதினாலும் கண்ணைப் பாப்பான்" என்று அவள் விடாமல் தொடர்ந்தாள். "ஹயாமாவோட மோதும்போது மட்டும் காதைப் பாப்பான். இந்த ஆளு யாரோ ஒருத்தனோட காதை ரொம்ப நாளு, ரொம்பப் பக்கத்திலேர்ந்து பாத்திருக்கான். மனசுல வச்சிருக்கான். வச்சிருக்கிறது அவனுக்கே தெரியாது, பாவம். அதுக்காகத்தான் நாங்க வாராவாரம் அட்டை போடுறோம். இல்லன்னா இந்தக் குப்பைக் கதையை எவ படிப்பா? ஐயா, என்னாச்சு? உக்காருங்கன்னு சொன்னேன்ல?"

கமேதா உட்காரவில்லை. புத்தகம் ஒன்றை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செரிஸாவாவைக்கூடத் தேடாமல், மண்டபத்தை விட்டு வெளியே வந்து கடலைப் பார்க்க நின்றார்.

அது நெமொத்தோவின் காது. கல்லூரி நாட்களில் தினமும் கூடச் சேர்ந்து பயிற்சி செய்த நெமொத்தோ ஷூஜி. அந்தக் காதை உடைத்ததே கமேதாதான், முதல் வருடம், தன் தலையால் தேய்த்து. ஊசி போட்டு நீரை எடுத்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டதும் கமேதாதான். ஊசி குத்தும்போதெல்லாம் இவர்தான் கத்தினார், நெமொத்தோ கத்தவில்லை. படிப்பு முடிந்து அவன் ஊரோடு போய்விட்டான், இவர் டோக்கியோவுக்கு வந்துவிட்டார். புத்தாண்டுக்கு ஆளுக்கொரு வாழ்த்து அட்டை. பயிற்சியாளரின் சாவில் ஒருமுறை பார்த்துக்கொண்டது. அவ்வளவுதான் என்று நினைத்திருந்தார். அவ்வளவுதானா? அவனை நினைத்துத்தான் இத்தனை வருடம் பேனாவைத் தொட்டிருக்கிறார். அவன்மேல் அவருக்கு இருந்தது காதல். அது ஊரில் உள்ள பல் டாக்டர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, அவருக்கு மட்டும் தெரியவில்லை. சிரிப்பதா அழுவதா என்று புரியாமல், ஐம்பத்து மூன்று வயது மனிதர் கடல்காற்றில் நின்று இரண்டையும் செய்தார்.

அந்த வாரம் தலைமை ஆசிரியரின் பொறுமை தீர்ந்துவிட்டது. செரிஸாவா இந்த முறை செருப்பைக் கழற்றி, ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டுத்தான் பேசினாள். "மூணு வாரம் குடுத்திருக்காங்க, சென்செய். அதுக்குள்ள முடிக்கணும். இறுதிப் போட்டிய இனி தள்ளிப்போட முடியாது. யாரு ஜெயிக்கிறா?"

அவருக்குத் தெரியவில்லை. மேசையில் உட்கார்ந்தார். ஹயாமாவின் காதை வரையப் போனார். அது அவித்த உருளைக்கிழங்கு மாதிரி வந்தது. கிழித்தார். மறுபடி வரைந்தார், மறுபடி கிழித்தார். "நான் வேணா போட்டுத் தரட்டுமா சென்செய்?" என்று ஓகுனோ பேனாவை நீட்டியதும், "தொட்டே, கையை உடைச்சிடுவேன்!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. இருவரில் யார் ஜெயிப்பார் என்று கேட்க இந்த உலகத்தில் அவருக்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தான். மறுநாள் காலை நெமொத்தோவின் ஊரான யமகதாவுக்கு ரயில் ஏறினார். தோள் வலி என்று ஒரு பொய்யையும் தயார் செய்துகொண்டார்.

ஜூடோவை விட்ட நிறையப் பேரைப் போல நெமொத்தோவும் எலும்பு வைத்தியன் ஆகியிருந்தான். ஊர்க் கிழவிகளின் மூட்டும் முதுகும் அவன் கையில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்தக் கிழவிகள் கொண்டுவந்த வரன்களையெல்லாம், பெண்ணுக்கு முதுகெலும்பு சரியில்லை, இடுப்பு ஏறி இறங்கியிருக்கிறது என்று ஏதாவது நொட்டை சொல்லிக் கழித்தே தலை நரைத்துவிட்டது. காத்திருக்கும் அறையில் 'பாய்க்கு வாடா!' முதல் பாகத்திலிருந்து வரிசையாக இருந்தது. அத்தனையும் புரட்டிப் புரட்டி உப்பிப்போயிருந்தன.

"டேய் ஆமை!" என்றான் நெமொத்தோ. ஜப்பானிய மொழியில் 'கமே' என்றால் ஆமை; பிடியிலிருந்து உருண்டு தப்பிப்பதிலும் கமேதாவை மிஞ்ச ஆளில்லை என்பதால் கல்லூரியில் வைத்த பெயர் அது. "முப்பது வருஷம் கழிச்சு வழி தெரிஞ்சுதா உனக்கு? படு, படு. எங்க வலிக்குது?"

"தோள்ல."

நெமொத்தோ தோளைப் பிடித்தான், அழுத்தினான், சுழற்றினான். கமேதா பக்கத்தில் தெரிந்த காதைப் பார்த்தார். மூன்று மேடு, ஒரு வெட்டு.

"தோள்ல ஒரு எழவும் இல்ல. பொய் சொல்றே நீ. வா, சாப்பிடலாம்."

இருவரும் பின்கட்டில் உட்கார்ந்து குளிர்ந்த நூடுல்ஸை உறிஞ்சினார்கள். பாதியில் நெமொத்தோ குச்சிகளைக் கீழே வைத்தான்.

"ஹயாமா நான்தானே?"

"கதைடா அது. சும்மா..."

"இங்க வர்ற கிழவிங்களே கண்டுபிடிச்சிட்டாங்க, என்கிட்டப் போய் மழுப்புறே. சரி, இறுதிப் போட்டி வந்தா யாரு ஜெயிப்பா?"

"அதைக் கேக்கத்தான் வந்தேன்."

நெமொத்தோ கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். பிறகு நேராகக் கேட்டான்.

"நம்ம கடைசி ஆட்டம் ஞாபகம் இருக்கா? அகில ஜப்பான் போட்டிக்கு ஒரே ஒரு இடம். நான் உன்னைக் கீழ போட்டு அமுக்கிப் பிடிச்சேன். உன் இடது கால் சும்மாதான் கெடந்துச்சு. நீ ஆமைடா. அந்தப் பிடியிலேர்ந்து கண்ணை மூடிட்டுத் தப்பிச்சிருப்பே. முப்பது நொடி ஆனா நான் ஜெயிச்சிடுவேன்னு தெரிஞ்சும் அசையாமக் கெடந்தே. ஏன்? எனக்கு விட்டுக்குடுத்தியா? பாவம் பாத்தியா என்னை? அப்படின்னா அந்த ஜெயிப்பே எனக்கு வேணாம். இத்தனை வருஷமா இது என் நெஞ்சுல குத்திட்டே இருக்கு. சொல்லு."

சொல்லியிருக்கலாம். வாயில் வந்து நின்றது. ஆனால் கமேதா ஒரு கோழை. காகிதத்தில் மட்டும் வீரர்.

"கால் மரத்துப்போச்சுடா" என்றார்.

"ஓ" என்றான் நெமொத்தோ. முகம் தொங்கிவிட்டது. மீதி நூடுல்ஸை அவன் சாப்பிடவில்லை.

திரும்பி வரும் ரயிலில் கமேதா தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தார். எதிர் இருக்கைக்காரர் இடம் மாறி உட்காரும் அளவுக்கு அது வெளியே கேட்டது. முப்பது வருடம் ஒரு மனிதனை, தனக்குப் பிச்சையாக வெற்றி கிடைத்தது என்று நினைக்க வைத்துவிட்டோமே என்று நெஞ்சு வலித்தது. வீட்டுக்கு வந்து, குளிக்காமல், உதவியாளர்களை அனுப்பிவிட்டு, மேசையில் உட்கார்ந்தார். இந்த முறை காது முதல் கோட்டிலேயே வந்துவிட்டது.

இறுதிப் போட்டி. ஹயாமா தாகெருவைக் கீழே போட்டு அமுக்குகிறான். தாகெருவின் இடது கால் பிடிபடாமல் கிடக்கிறது. உருண்டால் தப்பிக்கலாம், அரங்கமே 'உருளு, உருளு' என்று கத்துகிறது. தாகெரு உருளவில்லை. ஒரு முழுப் பக்கத்துக்கு அந்தக் காது மட்டும், கண்ணுக்கு அத்தனை பக்கத்தில். அடுத்த பக்கத்தில் தாகெரு கண்ணை மூடிக்கொள்கிறான். அவன் மனதில் ஓடுவதாக ஒரே வரி: 'எழுந்திருக்க மனசில்லை.' பூவிதழ் இல்லை, வியர்வை முத்து இல்லை. நடுவர் கையைத் தூக்குகிறார். ஹயாமா எழுந்து, இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டு, வெளிச்சத்துக்குள் நடந்து போகிறான். முற்றும்.

செரிஸாவா படித்தாள். வழக்கமாகப் படிக்கும்போதே ஏதாவது நக்கலடிக்கிறவள் இன்று இரண்டாம் முறையும் படித்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"இது தெரிஞ்சு வரைஞ்சதா, தெரியாம வரைஞ்சதா, சென்செய்?"

"தெரிஞ்சுதான்."

"அப்புறம் ஏன் கண்ணடிக்கிற மாதிரி இல்ல?"

"உங்க யாருக்கும் இதை வரையலம்மா" என்றார். "கொண்டு போ. அச்சடிக்கிறதுக்குள்ள நான் மனசு மாறிடப் போறேன்."

இதழ் வெளியான பிறகு அட்டைகள் வந்து குவிந்தன. பெட்டி பெட்டியாக என்று செரிஸாவா தொலைபேசியில் கத்தினாள். பல் டாக்டர் ஒருத்தி மருத்துவமனையை மூடிவிட்டு அன்று முழுக்க அழுததாக எழுதியிருக்கிறாளாம். கமேதா "ம், ம்" என்று கேட்டுக்கொண்டார். அவருக்கு வேண்டியது யமகதாவிலிருந்து ஒரே ஒரு குரல். அது வரவில்லை. நெமொத்தோ படித்திருப்பான், கிழவிகள் சும்மா விட்டிருக்க மாட்டார்கள். அருவருத்துப் போயிருப்பான். புத்தகங்களையெல்லாம் கட்டிப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டிருப்பான். இனி புத்தாண்டு அட்டையும் வராது. ஒரு வாரம் கமேதாவுக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலையில் தொலைபேசி அடித்தது.

"ஆமை."

"ம்."

"படிச்சேன்."

"ம்."

"தப்பா வரைஞ்சிருக்கே."

கமேதா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "எதுடா தப்பு?"

"நடுவர் கையைத் தூக்குனதும் ஹயாமா படக்குனு எந்திரிச்சு, பட்டையை இறுக்கிட்டுப் போறான். நான் அப்படியா போனேன்?"

"போனியே."

"நீதான் கண்ணை மூடிட்டுக் கெடந்தியே, உனக்கு எப்படித் தெரியும்? நடுவர் வந்து முதுகுல தட்டுனாரு. எந்திரிக்கல. மறுபடி தட்டுனாரு. எந்திரிக்கல. கடைசில பயிற்சியாளரு வந்து காலரைப் பிடிச்சுத் தூக்குனாரு. களைப்புன்னு சொல்லிட்டேன். எல்லாரும் நம்பிட்டாங்க."

கமேதா பிடித்திருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னடா சத்தத்தையே காணோம்? நீ மட்டும் கால் மரத்துப்போச்சும்பே, நான் களைப்புன்னு சொல்லக் கூடாதா?"

"எவ்வளவு நேரம்டா இருந்தே அப்படி?"

"தெரியல. எண்ணவா முடியும் அப்போ?" கொஞ்சம் தயங்கினான். "வாரப் பத்திரிகையில வந்ததைப் புத்தகமாப் போடும்போது திருத்துவீங்கல்ல?"

"திருத்துவோம்."

"அப்ப திருத்து."

"திருத்துறேன்." கமேதா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஷூஜி, நான் அடுத்த வாரம் வரட்டுமா அங்க?"

"தோள் வலிக்குதா?"

"இல்ல."

"அப்ப வா."

தொலைபேசியை வைத்ததும் வைக்காததுமாக கமேதா செரிஸாவாவை அழைத்தார். விடுமுறை நாளில் எழுப்பிவிட்டதற்கு அவள் திட்டி முடிக்கும் வரை காத்திருந்து, கடைசிப் பாகத்துக்கு இன்னும் ஒரு பக்கம் வேண்டும் என்றார்.

"கதைதான் முடிஞ்சுபோச்சே சென்செய். அந்தப் பக்கத்துல என்ன நடக்கும்?"

"ஒன்னும் நடக்காது" என்றார் கமேதா. "ரெண்டு பேருமே எந்திரிக்க மாட்டாங்க."